சங்ககிரி மலைக்கோட்டைக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

போன மாசி மாதம் சங்ககிரி மலைக்கோட்டைக்குத் தனியாகப் போய், வலது பாதத்தில் எலும்பு விரிசலோடு திரும்பி வந்தேன். செலவும் போன சம்பளமுமாகச் சேர்த்தால் 35,000 ரூபாய்க்குப் பக்கம். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவளுக்கு அது சின்னக் காசு கிடையாது. போவதற்கு முன்னால் போனில் நிறைய வீடியோ பார்த்துவிட்டுத்தான் போனேன். எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள், உச்சியில் நின்று கையை விரிக்கிறார்கள், அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. எப்படி இறங்கினார்கள் என்று ஒருவரும் காட்டவில்லை. எனக்கு நடந்ததெல்லாம் இறங்கும்போதுதான். அதனால் இதில் இறக்கத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எங்கள் ஊர் அரச்சலூருக்குப் பக்கம். தீரன் சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஓடாநிலைக்குச் சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம். அவர் கதை கேட்காமல் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளையும் வளராது. கொங்கு நாட்டு வரிப்பணத்தைக் கொண்டுபோன மைசூர் ஆட்களை வழிமறித்து வாங்கிக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவால ஒரு சின்னமலை புடுங்கிக்கிச்சுன்னு போய்ச் சொல்லு" என்று அனுப்பி வைத்தாராம். எங்கள் அப்பாரு இதைச் சொல்லும்போது தானே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார். 1799-இல் திப்பு விழுந்த பிறகும் இவர் ஓயவில்லை. 1801-இல் காவிரிக்கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அரச்சலூர் என்று கிழக்கிந்தியக் கும்பினியாரோடு மோதியவரை, 1805 ஜூலை 31 அன்று தம்பிகளோடு சேர்த்துச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் போட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு அங்கே கூட்டம் கூடும், மாலை போடுவார்கள். எனக்குக் கூட்டம் இல்லாத ஒரு நாளில் நிதானமாக அந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் மிஷின் சும்மா நின்ற வாரத்தில் ஒரு புதன்கிழமை கிளம்பினேன். பையன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். கூட வர ஆள் கிடையாது.

திருப்பூரிலிருந்து ஈரோடு, அங்கிருந்து பள்ளிபாளையம் வழியாகச் சேலம் போகிற பஸ். சங்ககிரியில் இறங்கி, லாரிப் பட்டறைகளையெல்லாம் தாண்டி அடிவாரம் போய்ச் சேரும்போது ஒன்பது மணி ஆகிவிட்டது. டீக்கடையில், "தனியாவுங்களா அம்மணி? வெயிலு உச்சிக்கு வர்றதுக்குள்ள எறங்கீருங்க" என்றார் கடைக்காரர். இந்த ஒரு பேச்சுக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாசியிலேயே பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை காயத் தொடங்கிவிடுகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் இரவே சங்ககிரியிலோ ஈரோட்டிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஏறத் தொடங்குவதுதான் சரி. பஸ் பிடித்து ஒன்பது மணிக்கு வந்து சேர்வதாக இருந்தால் அன்றைக்கு முழு மலையும் வேண்டாம். கீழே இருக்கிற ஒன்றிரண்டு வாசல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதுவே கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

நாமக்கல் கோட்டையைப் பார்த்தவர்கள் இதையும் அப்படி நினைத்து வந்துவிடக் கூடாது. நாமக்கல்லில் ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறை. படி வெட்டியிருக்கிறது, பேச்சுவாக்கில் ஏறிவிடலாம், மேலே நின்றால் கீழே பஸ் ஹாரன் கேட்கும். சங்ககிரி நிஜமான மலை. அதைச் சுற்றிச் சுற்றி அடுக்கடுக்காக மதில் கட்டியிருக்கிறார்கள். விஜயநகரக் காலத்தில் தொடங்கி, திப்பு கை, 1792 உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயர் கை என்று ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்குச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பக்கமாகத்தான் ஏற முடியும். மற்ற பக்கமெல்லாம் செங்குத்து. ஒரு வாசலுக்குள் நுழைந்து, அப்பாடா என்று நிமிர்ந்தால் மேலே இன்னொரு மதில் தெரிகிறது. அதுதான் கடைசி என்று நினைத்துப் போனால் அதற்கு மேலும் ஒன்று. படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல் உயரம். மேலே வருகிற ஆளுக்கு மூச்சு வாங்க வேண்டும், கால் தடுக்க வேண்டும், நிழல் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே கட்டிய மலை இது. கட்டினவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே, "இன்னும் ஒரே ஒரு வாசல்" என்று கணக்குப் போட்டு ஏறாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து ஏறுங்கள். இத்தனை மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துகொண்டு, அந்த நேரம் வந்ததும் எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள்.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், பார்க்க நிறைய இருக்கிறது. சென்னகேசவப் பெருமாள் கோயில், மசூதி, தானியக் கிடங்கு, கூரை போன கட்டிடங்கள், பாறையில் தேங்கிய தண்ணீர். கைதியாகப் பிடிபட்ட சின்னமலையை இந்தப் பாதையில்தானே ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் மாதிரி ஆளுக்கு ஏறுவது பெரிய விஷயமாக இருந்திருக்காது. காவிரிப் பக்கத்துப் பச்சையெல்லாம் கண்ணில் பட்டிருக்குமே என்றுதான் தோன்றியது. கடை கண்ணி எதுவும் அங்கே கிடையாது. தண்ணீர் தேங்கியிருக்கிறதே என்று நம்பிப் போக வேண்டாம், அது பாசி பிடித்த தண்ணீர்.

குரங்கு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிடங்கு நிழலில் உட்கார்ந்து தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. பெரிய கடுவன் ஒன்று மஞ்சப் பையையே இழுத்தது. நானும் ஒரு பக்கம் இழுத்தேன். அது பல்லைக் காட்டியதும் விட்டுவிட்டேன். சோறு போனது பற்றிக் கவலை இல்லை, இரண்டு தண்ணீர் பாட்டிலும் அந்தப் பைக்குள்தான் இருந்தன. ஒரு பாட்டிலைப் பிறகு பள்ளத்தில் பார்த்தேன், எட்டவில்லை. தண்ணீரை எப்போதும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று முதுகில் மாட்டுகிற ஜிப் வைத்த பையில், இன்னொன்று இடுப்பிலோ தோளிலோ. கையில் தொங்குகிற பை எதுவும் வேண்டாம். சாப்பாட்டைக் கீழே இறங்கி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். குரங்கு பிடித்தால் இழுக்காமல் விட்டுவிடுவதுதான் நல்லது. கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போயாக வேண்டும்.

தண்ணீர் போன பிறகு அங்கே நிற்க மனமில்லை. வெயில் ஏறிவிட்டது, நாக்கு ஒட்டுகிறது, சீக்கிரம் கீழே போய்விடலாம் என்று இறங்கினேன். படி தேய்ந்து வெறும் பாறையாகச் சரிகிற இடங்கள் அங்கங்கே உண்டு. அதன்மேல் பொடிச் சரளை கிடக்கும். சிமெண்டுத் தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் நடக்கச் சொன்ன மாதிரி. ஏறும்போது முன்பக்கம் சாய்ந்து போவதால் அது தெரிவதே இல்லை. இறங்கும்போது குதிகால்தான் முதலில் படுகிறது. வலது கால் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கி, என் எடை முழுவதும் அதன்மேல் விழுந்தது. ஒரு சத்தம் கேட்டது. கையிலிருந்த போன் பாறையில் மோதித் தள்ளிப் போய் விழுந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. அழுகைகூட உடனே வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தபோதுதான் வந்தது. டிஸ்ப்ளே நொறுங்கி, தொட்டால் எதுவும் அசையவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள், மணி அடிக்கிறது, எடுக்க முடியவில்லை. அந்த மணிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இதைப் பையன் பிறகு சொல்லித் தந்தான்: பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனைப் படபடவென்று ஐந்து முறை அழுத்தினால் 112-க்கு அழைப்புப் போகிற வசதி இருக்கிறது. முன்கூட்டியே செட்டிங்ஸில் அதைப் போட்டு வைத்திருக்க வேண்டும். டிஸ்ப்ளே உடைந்தாலும் பக்கவாட்டுப் பட்டன் பெரும்பாலும் வேலை செய்யும். இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே அதைப் போட்டு வையுங்கள். பழைய பட்டன் போன் ஒன்று பெட்டிக்குள் கிடந்தால் அதில் ஒரு சிம் போட்டு எடுத்துப் போவது அதைவிட நல்லது.

கொஞ்ச நேரம் கழித்து, கீழே மதில் திரும்புகிற இடத்தில் ஆம்பிளைப் பேச்சு கேட்டது. மூன்று நாலு பேர் இருக்கலாம். சிரிப்பு, ஒரு பாட்டில் உருளுகிற சத்தம். கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார்கள். கூப்பிட வாயும் திறந்தேன். ஆனால் குரல் வரவில்லை. காலை ஊன்ற முடியாமல், போன் இல்லாமல், யாருமில்லாத மதிலுக்குள் உட்கார்ந்திருக்கிற பொம்பளை, குடித்திருக்கிற ஆட்களைக் கூப்பிடலாமா? அவர்கள் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். நம் பக்கத்துப் பையன்கள் பெரும்பாலும், "ஏனுங்க அக்கா, என்னாச்சுங்க" என்று தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அது எனக்கும் தெரியும். இருந்தும் மூச்சை அடக்கிக்கொண்டு அவர்கள் போகிற வரைக்கும் சும்மா இருந்தேன். வீட்டில் இதைச் சொன்னபோது ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்காதவர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது எனக்குத் தோன்றுகிற ஒரே யோசனை, விசில். பி.டி. வாத்தியார் கழுத்தில் தொங்குமே, அதேதான். பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். தொண்டை வறண்டாலும் விசில் அடிக்கலாம், தூரத்துக்குக் கேட்கும், அடிப்பது ஆணா பெண்ணா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. வருகிற ஆளைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

அங்கேயே உட்கார்ந்திருந்தால் பொழுது போய்விடும் என்று பயந்து, உட்கார்ந்தபடியே இறங்க ஆரம்பித்தேன். ஷூவைக் கழற்றவில்லை. அது நல்லதாகப் போயிற்று, கழற்றியிருந்தால் வீக்கத்தில் திரும்ப மாட்டியிருக்க முடியாது. துப்பட்டாவைப் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் சேர்த்து எட்டுப் போட்டு இறுக்கிக் கட்டினேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, நல்ல காலை முன்னால் வைத்து, அடிபட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. கீழே வர வர உடைந்த பாட்டில் கண்ணாடி வேறு. கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டியிருந்தது. நிழல் உள்ள வாசல்தோறும் நின்று நின்று வந்தேன். அந்த வாசல்களில் மட்டும் காற்று வரும். ஏறும்போது கால் மணி நேரத்தில் கடந்த இடத்தை இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு இடத்தில் உண்ணிச்செடிப் புதரை ஒட்டிக் குறுக்கே ஒரு தடம் தெரிந்தது. அதில் போகலாமா என்று ஆசை வந்தது, போகவில்லை. ஆட்டுத்தடம் ஆட்டுக்குத்தான். மதில் ஓரத்தில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

கீழ் மதிலுக்குக் கொஞ்சம் மேலே ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருத்தர் என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, காலு பெசகிருச்சா? தனியாவா மல ஏறுன?" என்று கேட்டுக்கொண்டே, தூக்குப்போசியிலிருந்த மோரை அப்படியே கையில் கொடுத்தார். "ஆமாங்காத்தா" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். "அழுகாத சாமி. மொதல்ல குடி, அப்பறமேலு அழுவலாம்" என்றார். அவர் பேரன் ஓடி வந்து, போன் போட்டு, ஒரு ஆட்டோவை அடிவாரம் வரைக்கும் வரவழைத்தான். கடைசி இறக்கத்தை அவன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்தேன். மணி நாலைத் தாண்டியிருந்தது. 108 வண்டி அடிவாரம் வரைக்கும்தான் வர முடியும். மேலே மாட்டிக்கொண்டால் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும், அதற்குத் தீயணைப்பு மீட்புத் துறைக்காரர்கள்தான் வருவார்கள். 112-க்குச் சொன்னால் போதும், எந்த வாசலுக்குப் பக்கம் இருக்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஏறும்போதே வாசல்களை எண்ணிக்கொண்டு போவது நல்ல பழக்கம்.

அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, வலிக்கு ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்குப் போனில் தகவல் சொன்னதும் அம்மா, "கட்டு வைத்தியர்கிட்டப் போயிரலாம், ரெண்டே கட்டுல நடந்துருவ" என்றது. எங்கள் பக்கம் கை கால் என்றால் முதலில் எண்ணெய்க்கட்டு, முட்டைக்கட்டு நினைப்புத்தான். வீட்டுக்கு வீடு அதில் குணமான ஒருவர் இருப்பார். நான் முதலில் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று பிடிவாதமாக இருந்தேன். சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளி ஓரத்தில் ஒரு நீள எலும்பு இருக்கிறது. பாதம் உள்பக்கம் மடங்கினால் அதன் அடிப்பகுதியில் விரிசல் விழுமாம். வெறும் சுளுக்கு மாதிரியே இருக்கும் என்றார் டாக்டர். அடிபட்டதும் நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, அந்த இடத்தை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் உருவிவிட இடம் கொடுக்கக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். சங்ககிரியிலிருந்து திருப்பூருக்குக் கால் டாக்ஸி 2,800. டாக்டருக்கும் எக்ஸ்ரேவுக்கும் 1,100. ஃபைபர் கட்டு 3,500. மாத்திரை, மறு எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து 1,600. போன் டிஸ்ப்ளே 3,600. இதெல்லாம் போகட்டும், ஓவர்லாக் மிஷினில் பெடல் மிதிப்பது வலது கால். கட்டு பிரித்து, கால் தெம்பாகிற வரைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் மிஷினில் உட்கார முடியவில்லை. ஆர்டர் இல்லாத வாரம் போய், ராத்திரி ஷிப்ட் ஓடுகிற அளவுக்கு வேலை வந்ததும் அந்த மாதத்தில்தான். பீஸ் ரேட்டில் வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. 22,000 ரூபாய்க்கு மேல் அப்படிப் போனது. மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. ஆனால் இருபத்துநாலு மணி நேரம் படுக்கையில் சேர்ந்திருந்தால்தான் எனக்குப் பணம் தருவார்களாம். கட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் நம் கைக்காசு. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடித்தம் உள்ளவர்கள் இந்த மாதிரி நேரத்தில் மருத்துவச் சான்றிதழை உடனே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்கள் அதில் வருவார்கள், தகுதி இருந்தால் லீவு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கான்ட்ராக்டில் போகிற எனக்கு அந்தப் பிடித்தம் இல்லாததால் அதுவும் கிடைக்கவில்லை. கம்பெனியில் இதைக் கேட்டு வைத்துக்கொள்ள மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, நாளைக்கே கேட்கலாம்.

தனியாகப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட ஆள் வரும் வரைக்கும் காத்திருந்தால் என்னைப் போன்ற பெண்கள் எங்கேயும் போக முடியாது. நாளைப் பார்த்துப் போகலாம். மேலே இருப்பது பெருமாள் கோயில் என்பதால் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஆள் இருப்பார்கள் என்று அந்த டீக்கடைக்காரரே பிறகு சொன்னார். கடைக்காரரிடம் உங்கள் பேரையும், வீட்டு நம்பரையும், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள். "வெச்சிருங்கண்ணா" என்றால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். அடிப்பாகம் தேயாத ஷூ, ஒரு நல்ல தடி, இரண்டு இடத்தில் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு சின்னப் பாட்டிலில். தடி குரங்குக்கும் ஆகும், இறக்கத்தில் மூன்றாவது காலாகவும் ஆகும்.

மூட்டு வலி உள்ளவர்கள், வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் சங்ககிரியில் அடிவாரத்து வாசலோடு நின்றுகொண்டு, இன்னொரு நாள் ஓடாநிலைக்கு வரலாம். அரச்சலூரிலிருந்து பக்கம்தான். சின்னமலை கோட்டை கட்டி வாழ்ந்த இடம் அது. கோட்டை இப்போது இல்லை, மணிமண்டபம் இருக்கிறது. சமதரைதான், செருப்போடு நடந்து போகலாம். திரும்பும்போது அரச்சலூரில் டீ குடித்துவிட்டு, காங்கேயம் ரோட்டில் பஸ் ஏறிக்கொள்ளலாம்.